நாற்காலிக்கு எண்ணெய்

எங்கள் வீட்டுக்காரருக்குச் சத்தம் போடுகிற எதையும் பிடிக்காது, என்னைத் தவிர. கதவு முனகினால் எண்ணெய்க் குப்பியோடு வந்து நிற்பார். மின்விசிறி டக் டக் என்றால் அன்றைக்குத் தூங்க மாட்டார். அச்சகத்தில் இயந்திரங்களைப் பழுது பார்த்தே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்றபின் வீட்டில் பழுது பார்க்க ஒன்றும் மிச்சமில்லாமல் போய், மனுஷன் கை அரிப்போடு அலைந்துகொண்டிருந்தார். அந்தக் கை ஒருநாள் என் வேலையிடத்துக்குள் நுழைந்துவிட்டது. எல்லாம் அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

நான் குரங்குகளுக்குப் பரீட்சை வைப்பவள். கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். வயதானால் புதிதாக ஒன்றைக் கற்க முடிகிறதா, கற்றதை மாற்றிக்கொள்ள முடிகிறதா என்பதுதான் எங்கள் ஆய்வு. பரீட்சை ரொம்பச் சுலபம். ஒரு பலகையில் இரண்டு குழிகள். ஒரு குழி சன்னல் பக்கம், இன்னொன்று சுவர்ப் பக்கம். ஏதாவது ஒன்றில் உலர்ந்த திராட்சை ஒன்றை வைத்து, ஒரு குழியை நீல மூடியாலும் மற்றதை மஞ்சள் மூடியாலும் மூடுவேன். திராட்சை எப்போதும் நீலத்துக்கு அடியில்தான். ஆனால் நீலம் சில தடவை சன்னல் பக்கம் இருக்கும், சில தடவை சுவர்ப் பக்கம் இருக்கும். கூண்டிலிருக்கும் குரங்கு ஒரு மூடியைத்தான் தூக்கலாம். பக்கத்தைப் பார்க்கக் கூடாது, நிறத்தைப் பார்க்க வேண்டும் என்று அது புரிந்துகொள்ளும்வரை தினமும் நடத்துவோம். நன்றாகப் புரிந்துகொண்டதும் ஓர் அயோக்கியத்தனம் செய்வோம். சொல்லாமல் கொள்ளாமல் திராட்சையை மஞ்சளுக்கு மாற்றிவிடுவோம்.

வயது தெரிவது அங்கேதான். இளசுகள் கொஞ்ச நேரம் ஏமாறும், முறைக்கும், கூண்டை உலுக்கும், அப்புறம் மஞ்சளுக்குத் தாவிவிடும். கிழடுகள் நீலத்தைத் தூக்கும், காலி. மறுபடியும் நீலம், காலி. மறுநாளும் நீலம். நேற்றுவரை சாப்பாடு போட்ட மூடி இன்றைக்கு மட்டும் எப்படிப் போடாமல் போகும் என்பது அவற்றின் நியாயம். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். 'அடியே, அந்த மஞ்சளைத்தான் ஒரு தடவை தொட்டுத் தொலையேன்' என்று கத்தத் தோன்றும். கத்தக் கூடாது. பரீட்சை வைப்பவள் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். என் சுபாவத்துக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்லுவார்.

நான் திராட்சை வைப்பதைக் குரங்கு பார்த்துவிடக் கூடாது. அதனால் எங்களுக்கு நடுவில் ஒரு தடுப்புப் பலகை இறங்கும். வைத்து முடித்ததும் கயிற்றை இழுத்துப் பலகையைத் தூக்குவேன். அது தன் கையை நீட்டும்.

எங்களிடம் இருந்ததிலேயே மூத்தவள் பெரியம்மா. குரங்குக் கணக்கில் இருபத்தேழு வயது. மனுஷக் கணக்கில் எண்பதைத் தொட்டிருப்பாள். காது ஒன்று கிழிந்திருக்கும், முதுகில் முடி உதிர்ந்து சொறசொறவென்று இருக்கும். பெரியம்மா என்று யார் பெயர் வைத்தார்கள் என்று தெரியாது, ஆனால் பொருத்தமான பெயர். யார் உள்ளே வந்தாலும், 'இவ்வளவு நேரம் எங்கே போய்ச் சுத்திட்டு வர்றே?' என்று கேட்கிற ஒரு பார்வை பார்ப்பாள். என்னைப் பார்த்தால் மட்டும் உதட்டைக் குவித்துச் சப்புக்கொட்டுவாள். குரங்குகளிடையே அது பிரியமானவர்களுக்கு வைக்கிற வணக்கம். அதில் எனக்கு உள்ளூரக் கர்வம் உண்டு, வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

இந்தப் பெரியம்மா மட்டும் இளசுகளைப் போல மாறினாள். நீலத்திலிருந்து மஞ்சளுக்கு, மஞ்சளிலிருந்து மறுபடி நீலத்துக்கு, எத்தனை முறை மாற்றினாலும் சில தவறுகளோடு சமாளித்துவிடுவாள். மாற்றிய முதல் தடவையே சரியாக எடுத்த நாட்களும் உண்டு. யாரும் சொல்லாமல் அது எப்படித் தெரியும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். குருட்டு அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட்டேன். முதுமை வந்தாலே மூளை இறுகிவிடும் என்பது பொய், இதோ பாருங்கள் ஒரு சாட்சி என்று கட்டுரை எழுதினேன். இத்தனை வருஷ வேலையில் முதல் முறையாக என் பெயரைத் தலைப்புக்குக் கீழே தனியாகப் போட்டார்கள். மாநாட்டில் வந்து பேசச் சொல்லி அழைப்பும் வந்தது. அடுத்த வருஷம் நானும் ஓய்வு பெறப் போகிறவள். புதிதாக வந்த கணினியில் நான் எதையாவது தேடித் தடுமாறினால், சின்னப் பசங்கள் 'விடுங்க மேடம், நான் பண்றேன்' என்று கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார்கள். அந்தக் கோபத்தையெல்லாம் பெரியம்மா தீர்த்துவைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் இயக்குநர் ஒரு காலத்தில் என்னிடம் வேலை பழக வந்த பையன். கெட்டவன் இல்லை. அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் அவரை 'சார்' என்பேன். எனக்குக் கோபம் வந்தால் 'தம்பி' ஆகிவிடுவார்.

வீட்டுக்காரர் என் வேலையிடத்துக்கு வந்த அன்று விடுமுறை. குரங்குகளுக்கு ஏது விடுமுறை? நான் மட்டும் வந்திருந்தேன். படிக்கிற கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததால் அவர் எடுத்துக்கொண்டு வந்தார். நான் கொட்டிலுக்குள் போய்ப் பெரியம்மாவைக் கூண்டில் ஏற்றிக்கொண்டு வருவதற்குள், சும்மா இராமல் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து மர நாற்காலி அது. சிலர் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள், எங்கள் வீட்டுக்காரர் திருப்புளி வைத்திருப்பார். நான் திரும்பி வந்தபோது எழுந்து நின்று, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரிக் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கெளம்பறேம்மா. சாப்பாட்டுக்கு வந்துடுவேல்ல?"

"வருவேன். எதையும் தொடலையே?"

"நான் எதைத் தொட்டேன்? குரங்கைத் தொடற அளவுக்கு எனக்குத் தைரியம் ஏது?"

போய்விட்டார். நான் பரீட்சையை ஆரம்பித்தேன். பெரியம்மா அன்றைக்குத் தோற்றாள்.

சாதாரணத் தோல்வி இல்லை. நிறமே தெரியாதவள் மாதிரி, பாதிக்குப் பாதி. மறுநாளும் அப்படியே. சாப்பிடவில்லையோ என்று பார்த்தேன், சாப்பிட்டாள். பல்லோ வயிறோ தொந்தரவோ என்று கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். அந்த வாரம் முழுக்க வீட்டில் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. வாரக் கடைசியில் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

"மேடம், உக்காருங்க. பெரியம்மாவைப் பத்தித்தான்."

"சளி புடிச்சிருக்கும். ரெண்டு நாள்ல சரியாயிடுவா."

"சளி இல்லைன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டார். இது வேற. உச்சத்துல இருந்த ஒரு கெழ மூளை, ஒரே வாரத்துல இப்படி விழுந்திருக்கு. உள்ள என்ன நடந்துச்சுன்னு பாக்கறதுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்குமே கெடைச்சதில்லை. கீழ அனுப்பிடலாம்னு நினைக்கிறேன்."

எங்கள் இடத்தில் ஆய்வு முடிந்த குரங்குக்கு இரண்டே வழிகள். ஒன்று 'வெளியே', அதாவது பின்புறம் மரங்களோடு வேலி போட்ட பெரிய திடல். சாகும்வரை அங்கே வெயில் காய்ந்துகொண்டு இருக்கலாம். இன்னொன்று 'கீழே', அடித்தளத்து அறை. அங்கே மயக்க ஊசி போட்டு, அப்படியே உயிரை எடுத்து, மூளையை வெட்டிப் பார்ப்பார்கள். விதிமுறைப்படிதான் எல்லாம் நடக்கும். நானே எத்தனையோ முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெரியம்மாவை வெளியே அனுப்புவதாகத்தான் பேச்சு இருந்தது.

"வெளிய அனுப்பறதாத்தானே சொன்னீங்க?"

"அது சாதாரணக் கெழக் குரங்கா இருந்தா மேடம். இவ சாதாரணம் இல்லைன்னு எழுதினதே நீங்கதானே?"

என் கட்டுரையை எடுத்து என் கழுத்திலேயே வைத்துவிட்டான் பையன்.

"எப்ப?"

"மாசக் கடைசி. அறுவை டாக்டர் அப்பத்தான் வர்றார்."

எழுந்து வந்துவிட்டேன். பின்னால் அவர் "மேடம், மேடம்" என்றது காதில் விழுந்தது. திரும்பினால் அழுதுவிடுவேன் என்று பயம். ஒரு குரங்குக்காக இயக்குநர் அறையில் அழுதாள் என்ற பெயர் எனக்குத் தேவையா?

திங்கட்கிழமை பரீட்சையை வேறு கண்ணோடு பார்த்தேன். மூடிகளை விட்டுவிட்டு அவளையே பார்த்தேன். தடுப்பு இறங்கியதும் பெரியம்மா கிழிந்த காது இருக்கும் பக்கத்தைப் பலகையோடு ஒட்டிவைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பலகை கொஞ்சம் மேலே போகும்போது கீழ் இடுக்கு வழியாகத்தான் அவள் அப்படி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. எதையோ எதிர்பார்த்துக் காத்திருந்தவள் மாதிரி. பிறகு கையை நீட்டி, சுவர்ப் பக்கத்து மூடியைத் தூக்கினாள். அடுத்த தடவையும் காதை வைத்தாள், காத்திருந்தாள், சுவர்ப் பக்கம். நீலமோ மஞ்சளோ, எது இருந்தாலும் சுவர்ப் பக்கம்தான். பாதிக்குப் பாதி வந்ததன் ரகசியம் இதுதானா? ஆனால் ஏன்? காது போய்விட்டதோ என்று நினைத்தேன். காதுக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்றும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது சொன்னேன்.

"அவளுக்குக் காது கேக்கலைன்னு நினைக்கிறேங்க."

"யாருக்கு, பெரியம்மாவுக்கா? கேக்காமப் போனா என்ன ஆச்சரியம்? அந்த நாற்காலி கத்தின கத்துக்கு உனக்கே காது போயிருக்கணும். நல்லவேளை, நான் சரி பண்ணதால பொழைச்சே."

கையிலிருந்த சோறு அப்படியே தட்டில் விழுந்தது.

"என்ன பண்ணீங்க?"

"கோவப்படாதேம்மா. சொன்னா கத்துவேன்னுதான் சொல்லலை. எடது கால்ல ஒரு திருகு ஆடிட்டிருந்தது. முடுக்கிட்டு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். இந்தப் பக்கம் சாஞ்சாலே கிறீச்சுன்னு உயிர் போச்சு. அந்தப் பக்கம் ஒண்ணுமில்லை. இத்தனை வருஷம் எப்படித்தான் உக்காந்தியோ!"

எப்படி உட்கார்ந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் வலதுகைக்காரி. சுவர்ப் பக்கத்துக் குழி என் வலது கைக்கு எட்டும். ஆடாமல் அசையாமல் திராட்சையை வைத்துவிடுவேன். மூடியை இடது கையால் போட்டுவிடலாம், ஆனால் திராட்சையை வலது கையால்தான் வைப்பேன், சன்னல் பக்கத்துக் குழி அந்தக் கைக்குத் தள்ளி இருக்கிறது. அதில் வைக்க இடதுபக்கம் சாய வேண்டும். சாய்ந்தால் நாற்காலி கத்தும். கத்தினால் சன்னல் பக்கம், கத்தாவிட்டால் சுவர்ப் பக்கம். பெரியம்மாவுக்கு நீலமும் தெரியாது, மஞ்சளும் தெரியாது. என் நாற்காலிதான் தெரியும். நான் மெதுவாகச் சாய்ந்து சத்தம் எழாத தடவைகளில்தான் அந்தச் சில தவறுகள் வந்திருக்கின்றன. இத்தனை படித்தவர்கள் கூடி, அவள் கண்ணை மறைக்கப் பலகை போட்டோம். காது என்று ஒன்று இருப்பதை அத்தனை பேரும் மறந்துபோனோம். மற்ற கிழடுகளும் அதே நாற்காலியின் சத்தத்தைத்தான் கேட்டன. அவற்றுக்கு அது வெறும் சத்தம்.

அதற்கப்புறம் அவரை நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பாவம், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பேசி ஓய்ந்ததும் எனக்கே சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

"இப்ப நான் என்னம்மா பண்ணணும்?" என்றார்.

"அந்தத் திருகை எப்படித் தளர்த்தறதுன்னு சொல்லுங்க."

"சரி பண்ணதைக் கெடுத்துக் குடுன்னு கேக்கற மொத ஆள் நீதான்" என்றார். ஆனாலும் ஒரு கரண்டியை வைத்து, எந்தப் பக்கம் எத்தனை சுற்று என்று காட்டிக்கொடுத்தார்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போனேன். இயக்குநரிடம் சொல்வதற்கு முன் எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். பரீட்சைகளை எப்போதும் படம் பிடிக்கிற கருவியை அன்றைக்குப் போடவில்லை. இது எனக்கு மட்டுமான சோதனை. திருகைத் தளர்த்தி, எண்ணெயைத் துணியால் துடைத்தெடுத்தேன். உட்கார்ந்து சாய்ந்தேன். கிறீச். பலகைக்கு அந்தப் பக்கம் பெரியம்மா சட்டென்று நிமிரும் சத்தம் கேட்டது. பலகையைத் தூக்கினேன். நேராகச் சன்னல் பக்கம் கை போட்டு, திராட்சையை வாயில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து உதட்டைக் குவித்துச் சப்புக்கொட்டினாள். ஒரு வாரமாக வராதிருந்த விருந்தாளி வந்த மாதிரி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில். சில தடவை அப்படியே நடத்தினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

இவ்வளவு போதும்தான். ஆனால் வேலை பழகிய புத்தி விடுமா? இன்னும் ஒன்றைப் பார்த்துவிடலாம் என்றது. சத்தத்தைப் பொய்யாக்கிப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. இடதுபக்கம் சாய்ந்து நாற்காலியைக் கத்தவிட்டு, திராட்சையைச் சுவர்ப் பக்கத்தில் வைத்தேன்.

பெரியம்மா சன்னல் பக்கம் தூக்கினாள். காலி. குழிக்குள் விரலை விட்டுத் துழாவினாள். என்னைப் பார்க்கவில்லை. மறுபடியும் பொய்யாகக் கத்தவிட்டேன். சன்னல் பக்கம், காலி. மறுபடியும். திராட்சையைச் சன்னல் பக்கம் வைக்கும்போது சத்தமே வராமல் எழுந்து நின்று வைத்தேன். அப்போது சுவர்ப் பக்கம் போனாள், காலி. எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் என் நாற்காலி ஒரு தடவைகூட அவளிடம் பொய் சொன்னதில்லை. போதும், நிறுத்திவிடலாம், இன்னும் ஒரே ஒரு தடவை என்று நினைத்துச் சாய்ந்தேன். கிறீச். பலகையைத் தூக்கினேன்.

அவள் மூடிகளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். குரங்குகள் நேருக்கு நேர் பார்ப்பது சண்டைக்குத்தான். இத்தனை காலத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. என் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் நீட்டி, சுவர்ப் பக்கத்து மூடியைத் தூக்கித் திராட்சையை எடுத்தாள்.

தற்செயலா? மறுபடி செய்தேன். கிறீச், சுவர்ப் பக்கம் எடுத்தாள். சத்தமில்லாமல் வைத்தேன், சன்னல் பக்கம் எடுத்தாள். கிறீச், சுவர்ப் பக்கம். திராட்சை தீரும்வரை ஒன்றுகூடத் தப்பவில்லை. நாற்காலி எதைச் சொல்கிறதோ அதற்கு நேர் எதிர்.

நான் வாழ்நாள் முழுக்கத் தேடியது இதுதான். வருஷக்கணக்காக நம்பிய ஒன்றை, எண்பது வயதுக் கிழவி ஒருத்தி, ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடக்கூடிய தடவைகளில் தூக்கிப் போட்டுவிட்டாள். எந்த இளசும் இவ்வளவு சீக்கிரம் மாறியதில்லை. என் கட்டுரையில் நான் எழுதியது உண்மைதான், அதற்குக் காட்டிய ஆதாரம்தான் பொய்! எழுந்து கூத்தாட வேண்டும் போலிருந்தது. அறைக்கு வெளியே ஓடிப்போய் முதலில் வருகிறவரின் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்ட வேண்டும் போலிருந்தது. கதவு வரைக்கும் போனேன்.

கதவில் கை வைத்ததும்தான் உறைத்தது. யாரிடம் காட்டுவேன்? காட்டினால் அவர்கள் என்ன செய்வார்கள்? பெரியம்மா சாதாரணம் இல்லை என்று எழுதியதற்கே கீழே அனுப்பத் தேதி குறித்தாயிற்று. இதைச் சொன்னால் அந்த மூளையை வெளியே விடுவார்களா? இன்னும் சில பரீட்சைகள் வைப்பார்கள், புகைப்படம் எடுப்பார்கள், அப்புறம் கீழேதான். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வேறு யாருடைய குரங்காவது இதைச் செய்திருந்தால், நானே அனுப்பச் சொல்லியிருப்பேன்.

கூண்டருகே திரும்பி வந்தேன். "என்னடி செய்யட்டும்?" என்று கேட்டேன். அவள் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

பத்து மணிக்கு இயக்குநர் அறைக்குப் போனேன். நாற்காலி, திருகு, எண்ணெய், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். நம்பாமல் கூடவே வந்து, நாற்காலியில் தானே உட்கார்ந்து இடமும் வலமும் சாய்ந்து பார்த்தார். பழைய படங்களை ஓடவிட்டார். நாற்காலி கத்தியபோதெல்லாம் சன்னல் பக்கம். எண்ணெய் போட்ட பிறகு எல்லாமே சுவர்ப் பக்கம். அதற்கு மேல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"அப்ப நிறத்தை அவ கத்துக்கவே இல்லையா?"

"இல்லை."

"நீலத்துலேர்ந்து மஞ்சளுக்கு மாறினது?"

"அதுவும் இல்லை. எதுவுமே இல்லை. என் பின்புறம் சொன்னதைக் கேட்டு நடந்திருக்கா."

சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நானும் சிரித்தேன். பிறகு அவர் முகம் மாறியது.

"உங்க கட்டுரை மேடம்..."

"தப்புன்னு நானே எழுதிக் குடுத்துடறேன். மாநாட்டுக்கு வரலைன்னும் எழுதிடறேன்."

"கஷ்டமா இருக்கு மேடம். ஓய்வு பெறற நேரத்துல."

"எனக்கும்தான் கஷ்டமா இருக்கு. அதுக்கு என்ன பண்றது? அவளை என்ன பண்ணப் போறீங்க?"

பெரியம்மாவின் காகிதங்களைப் புரட்டினார்.

"கணக்கெல்லாம் இப்படிக் கலப்படமாப் போன குரங்கை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. கீழ அனுப்பினா வெட்டி வேலை. வெளிய விட்டுடலாம்." காகிதங்களை அடுக்கிக்கொண்டே, பழகிய புத்தியில் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். "சத்தத்தை மாத்திப் பாத்தீங்களா? பொய்யா சத்தம் குடுத்து?"

"பாத்தேன்."

"என்ன பண்ணா?"

"என்ன பண்ணுவா தம்பி? சத்தம் சொன்ன பக்கமே போய் ஏமாந்தா. கெழடுதானே."

இயக்குநர் தலையாட்டினார். "பாவம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் வெட்கப்படவில்லை. ஆனால் அதைச் சொன்ன பிறகு வெகுநேரம் நாக்கு கசந்தது. அது மட்டும் உண்மை.

பெரியம்மா வெளியே போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாளும் அவளைப் பார்க்கப் போகவில்லை. புது இடம் பழகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை போனேன், வீட்டுக்காரரும் கூடக் கிளம்பினார். திடலின் வாசல் கீல் கத்துகிறது என்று காவலாளி சொல்லிவிட்டானாம். வேண்டாம் என்றால் கேட்பாரா?

நல்ல வெயில். மரத்தடியில் மூன்று குரங்குகள் ஒன்றுக்கொன்று முதுகு சொறிந்துகொண்டிருந்தன. நடுவில் பெரியம்மா, கண்ணை மூடிச் சொகுசாக. உடம்பு தேறியிருந்தாள். வேலி அருகே போய் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையில் திராட்சையை விரித்து நீட்டினேன். பார்த்தாள். எழுந்து மெதுவாக வந்தாள். அவள் என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, விரித்த கையைத் தாண்டிப் போய், கம்பியைப் பிடித்திருந்த கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

ஒன்றுமில்லை. திராட்சை இந்தக் கையில், அவள் கண்ணுக்கெதிரே, வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

கை மாற்றி நீட்டினேன். அவளும் மாறினாள். திராட்சை எந்தக் கையில் தெரிந்ததோ அதை விட்டு மற்றதற்குப் போனாள். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. பிறகு என்னோடு மல்லுக்கட்டுவது அலுத்துப்போனவள் மாதிரி எட்டப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வலித்தது. எவ்வளவு வலித்தது என்றால், கம்பியை விட்டுவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

கீலுக்கு எண்ணெய் போட்டு முடித்துவிட்டு அவர் வந்தார். "என்னம்மா, வரமாட்டேங்கறாளா? குடு இங்க" என்று என் கையிலிருந்து இரண்டு திராட்சையை எடுத்து, கம்பிக்குள் நீட்டினார். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய கை. பெரியம்மா வந்தாள். அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேராக அந்தக் கையிலிருந்தே எடுத்து, ஒன்றை வாயிலும் ஒன்றைக் கன்னப் பையிலும் போட்டுக்கொண்டு, உதட்டைக் குவித்துச் சப்புக்கொட்டினாள்.

"பாத்தியா!" மனுஷனுக்கு முகமெல்லாம் பல். "உன்னை மறந்துட்டா போலிருக்கு. வயசாயிடுச்சில்ல, ஞாபகம் இருக்காது. மனசுல வெச்சுக்காதே."

"ஆமாங்க" என்றேன். திராட்சைப் பொட்டலத்தை அப்படியே அவர் கையில் கொடுத்தேன். "இனிமே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீங்களே குடுங்க. நான் தள்ளி நின்னு பாக்கறேன்."